வேலியின் மேற்குப் பக்கம்

இன்வர்லாக்
நவம்பர் 9

அன்புள்ள நெவ்,

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் நன்றாக இருக்கிறது. அதன் பின்னால் மாட்டிய கேரவனும் நன்றாக இருக்கிறது. அக்கா வில்மா வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். கேரவனைப் பின்பக்கமாக ஓட்ட எனக்கு வராது என்று ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பாயே, ஒரே தடவையில் உள்ளே விட்டுவிட்டேன். பயத்தில் வந்த திறமை.

இறங்கிப் பார்த்தால் என் காலில் வீட்டுச் செருப்பு. கைப்பை இல்லை, மாத்திரை இல்லை. மலையிலிருந்து இறங்கி, பாலம் தாண்டி, நூற்றெண்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றதுகூட நினைவில்லை. வில்மா கதவைத் திறந்து, "ஏண்டி கிளென், நெவ் எங்கடி? பெட்ரோல் பங்க்ல மறந்து விட்டுட்டு வந்துட்டியா?" என்றாள். நான் சிரிக்காததைப் பார்த்து, உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். நீ பால் வாங்கக் கடைக்கு நடந்து போயிருந்தாய். நான் புதுச் சமையலறையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலைச்சரிவில், மரங்களுக்கு மேலே, புகை ஒரு தூண் மாதிரி நின்றது. நகரசபை ஆட்கள் டிசம்பர் கோடைக்கு முன்னால் சாலையோரப் புல்லைக் கொளுத்துகிறார்கள் என்று கடைவாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்ததாமே. எனக்கு அது பிறகுதான் தெரியும். கார் வாசலில் நின்றது. நாலு நாளாக 'நாளைக்குக் கழட்டலாம்' என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததால் கேரவனும் அதன் பின்னால் நின்றது. சாவி காரிலேயே இருந்தது.

மூன்று வருடம் இரண்டு மாதம் ஆறு மீட்டர் பெட்டிக்குள் இந்த நாட்டைச் சுற்றி வந்தோம். எரிந்த வீட்டின் அடித்தளத்தின் மேல் புது வீடு எழும்பியதைப் புகைப்படங்களில்தான் பார்த்தோம். 'முடிஞ்சுடுச்சு, வந்து குடியேறுங்க' என்று கட்டியவர் சொன்னதும் நீ மேற்குக் கடலோரத்திலிருந்து ஆறே நாளில் ஓட்டி வந்தாய். நானும் சந்தோஷமாகத்தான் வந்தேன். ஆனால் நெவ், அந்த மரங்களைப் பார்த்தாயா? கருகி நின்ற மரங்கள் இப்போது உடம்பெல்லாம் இலை விட்டு, முன்னைவிட நெருக்கமாக நிற்கின்றன. அவ்வளவும் காய்ந்தால் என்ன ஆகும்?

உன்னைக் கார் இல்லாமல் அந்த மலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் செல்போன் எடுப்பதில்லை. மேட்டில் ஏறி நின்று நீ பேசினால் கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

கிளெனிஸ்


தாராவில்லா
நவம்பர் 15

அன்புள்ள கிளென்,

கைப்பையும் மாத்திரையும் இதனுடன் பார்சலில் வருகின்றன. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. மறக்காதே.

நகரசபை ஆட்கள் நின்று கேட்டார்கள்: "என்ன நெவ், வீட்டுக்காரம்மா கேரவனோட பறந்துட்டாங்க? மறுபடியும் நாட்டைச் சுத்தக் கிளம்பிட்டாங்களா?" "ஆமா, இந்தத் தடவை எடை கம்மியா இருக்கட்டும்னு என்னை எறக்கி விட்டுட்டா" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ப்ரூம் கடற்கரையில் புயல் எச்சரிக்கை வந்தபோது சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவள் நீ. முதலை இருக்கிறது என்று பலகை வைத்த ஆற்றில் வாளி விட்டுத் தண்ணீர் எடுத்தவள் நீ. இப்போது கூரை போட்ட வீட்டைப் பார்த்து ஓடுகிறாய். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுதான் எழுதுகிறேன், திட்டவில்லை.

கட்டில் பெரிதாக இருக்கிறது. சுவர்கள் தூரத்தில் இருக்கின்றன. கையை நீட்டினால் அடுப்பு எட்ட மாட்டேன் என்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. தொண்ணூறாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. தீ வந்தால் தண்ணீர் பீய்ச்ச டீசல் பம்ப் வாங்கியிருக்கிறேன். மின்சாரம் போனாலும் ஓடும். கூரையோரத் தகரத்தில் தீப்பொறி பற்ற ஒரு இலை இல்லாமல் வழித்துவிட்டேன். பக்கத்து மனையின் மகள் கேத்தும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் செவிலியர் வேலை. இரண்டு நாய்களோடு தகரக் கொட்டகை போட்டு இருக்கிறாள், வீடு கட்டும்வரை. அவளிடம் பிக்கப் வண்டி இருக்கிறது. அதனால் காரைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு அது தேவையும் இல்லை. இந்த முறை நான் எங்கும் ஓடப்போவதில்லை.

நெவ்


இன்வர்லாக்
நவம்பர் 22

நெவ்,

பக்கத்து மனையாம்! லெஸ் டூலன் என்று எழுத உன் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? இருபத்திரண்டு வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர். நம் வீட்டுக்கு ஏணி வேண்டுமென்றால் அவர் ஏணி. அவர் வீட்டுக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் நம் சர்க்கரை. அன்றைக்குத் தீயில் போனார். அதற்குப் பிறகு அவர் பெயரை நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கரும்பா துறைமுகத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்த ஒருவர், "என் பேரு லெஸ், உக்காருங்க" என்று தட்டை நீட்டினாரே. நீ எழுந்து போய், கழுவி வைத்திருந்த தூண்டிலை மறுபடி கழுவினாய். அரை மணி நேரம். நான் அந்த மனிதரிடம் உனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

'இந்த முறை ஓடப்போவதில்லை' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்கு நாம் கிளம்பியது சரி. நான்தான் உன்னைக் கிளப்பினேன், அதற்காக நான் வெட்கப்படவில்லை. மலை முழுக்க ரயில் ஓடுவது மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. பகல் இரண்டேகாலுக்குக் காரின் விளக்கைப் போட்டு ஓட்டினேன். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் பாலத்தின் பக்கம் எரிந்துபோன அந்தக் கார்களில் நம்முடையதும் ஒன்றாக இருந்திருக்கும்.

எனக்கு ஒரு வாக்குக் கொடு. தீ அபாயம் உச்சம் என்று வானொலியில் சொல்லும் நாளில், காலை பத்து மணிக்குள் நீ மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். புகை தெரிகிறதா, காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கேத்தையும் கூட்டிக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை கேரவனைக் கழற்றிவிட்டுக் காரை உன்னிடம் கொண்டுவந்து விடலாம் என்று புறப்பட்டேன். மொரான் பாலம் வரை வந்தேன். அதற்கு மேல் கால் அழுத்தவில்லை. பின்னால் வந்த பால் லாரிக்காரர் இறங்கிவந்து, "என்னம்மா, வண்டி நின்னு போச்சா?" என்று கேட்டார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவரே காரை வந்த பக்கம் திருப்பிவிட்டார். அதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

கிளெனிஸ்


தாராவில்லா
டிசம்பர் 2

கிளென்,

நீ பெயரை எழுதிவிட்டாய். அதனால் நானும் எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

அன்று ஒன்றரை மணிக்கு லெஸ் வேலிக்கு வந்தார். நீ உள்ளே புகைப்படங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாய். "டேய் நெவ், ரெண்டு வீடு, ரெண்டு ஆளு. கிழக்கை நான் பாத்துக்கறேன், மேற்கை நீ பாத்துக்கோ. ஒருத்தன் முதுகை ஒருத்தன் பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். நான் சரி என்றேன். கை கொடுத்தேன். அவர் தண்ணீர்க் குழாயை விரிக்கப் போனார்.

பிறகு நீ காரைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்து கதவைத் திறந்தாய். "ஏறு" என்றாய். ஏறினேன். வேலி முப்பது அடி தூரம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். 'லெஸ், நான் போறேன், நீயும் வா' என்று நாலு வார்த்தை. கொடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று கொடுக்கவில்லை.

அவர் எங்கே கிடந்தார் என்று உனக்குத் தெரியும். மேற்குப் பக்கத்தில். நம் பக்கத்தில். எல்லாரும் நம் வீட்டைக் காப்பாற்றப் போனார் என்று நினைக்கிறார்கள். என்னைத் தேடி வந்தார், கிளென்.

அவர் சாவு பற்றிய விசாரணையில் "அவர் தங்கறதா முடிவு பண்ணியிருந்தார்" என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனாலும் பொய்தான்.

அதற்கப்புறம்தான் கேரவன் வாங்கலாம் என்றேன். நாட்டைச் சுற்ற ஆசை என்று நீ நினைத்தாய்.

இப்போது கேத் வந்திருக்கிறாள். அவள் குழாயை நான் பொருத்திக் கொடுக்கிறேன். அவள் பொரித்துத் தரும் சாசேஜைச் சாப்பிடுகிறேன். "அப்பா உங்களைப் பத்தி ஃபோன்ல எப்பவும் சொல்வார்" என்கிறாள்.

அதனால் வாக்குக் கேட்காதே.

நெவ்


இன்வர்லாக்
டிசம்பர் 11

அன்புள்ள நெவ்,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீ கைகொடுத்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் உனக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் வில்மாவின் சமையலறையை இரண்டு தடவை துடைத்தேன். வில்மா, "அடியே, தரை தேஞ்சு போச்சு, போய் எதை எழுதணுமோ எழுதித் தொலை" என்றாள்.

காரைத் திருப்ப நான் வேலியோரம் பின்பக்கமாக வந்தேன் அல்லவா? லெஸ் அங்கே நின்றார். கழுத்தில் ஈரத் துண்டு. கண்ணெல்லாம் சிவப்பு. குனிந்து கார் ஜன்னலில் முகத்தை வைத்து, "ஏம்மா, நீ மட்டும்தானே கிளம்பறே? நெவ் இருக்கான்ல?" என்று கேட்டார்.

நான், "இருக்கான்" என்றேன்.

இல்லை என்று சொன்னால் அவர் உன்னிடம் வருவார். வந்து பேசுவார். அவர் பேசினால் நீ தங்கிவிடுவாய். இதெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. அவர் ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, நெவ். எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர் உன்னை நம்பித் தங்குகிறார் என்று புரிந்துதான் சொன்னேன். அவர் சிரித்தார். காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, "பத்திரமாப் போ" என்றார்.

மூன்று வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம். நீ உன்னுடையதை வைத்துக்கொண்டு படுத்தாய், நான் என்னுடையதை வைத்துக்கொண்டு படுத்தேன். ஒரு இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். நீயாகவே 'கிளம்பலாமா' என்று கேட்பாய். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் தெரியுமா?

புது வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த வேலி தெரிகிறது. புகை ஒரு சாக்கு.

கேத்திடம் சொல்ல வேண்டும். அவள் அப்பா தனியாக நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் அவளும் நிற்கலாம் என்று நினைக்கிறாள். நீ சொல். உன்னால் முடியாவிட்டால் எழுது, நான் வருகிறேன். எப்படி வருவேன் என்று தெரியவில்லை.

உன் கிளெனிஸ்


தாராவில்லா
டிசம்பர் 28

கிளென்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்து போய்க் கூரையைப் பார்ப்பேன். கோபம் இருந்தது. இரண்டு நாள் இருந்தது. யார் மேல் என்று பார்த்தால் முழுக்க உன் மேல் இல்லை. நான் முப்பது அடி நடக்கவில்லை. நீ அவர் முகத்தையாவது பார்த்தாய்.

கிறிஸ்துமஸுக்குக் கேத் கூப்பிட்டாள். கொட்டகை வாசலில் மேசை போட்டு, குளிர்ந்த ஹாம் இறைச்சி, இறால், உருளைக்கிழங்கு. அன்று சொல்லிவிடலாம் என்று போனேன். சட்டைகூட மாற்றிக்கொண்டு போனேன். வாயைத் திறந்தேன். "ஹாம் இன்னொரு துண்டு கெடைக்குமா?" என்று கேட்டேன். அதுதான் வந்தது.

அவள் அப்பா பம்ப் பழுதாகிச் செத்தார் என்று நம்புகிறாள். அதனால் என்னுடையதைவிடப் பெரிய பம்ப் வாங்கியிருக்கிறாள். அதைத் தட்டிக்காட்டி, "இனிமே பயமில்ல நெவ். கிழக்கை நான் பாத்துக்கறேன், மேற்கை நீங்க பாத்துக்கோங்க" என்றாள்.

அதே வார்த்தை, கிளென். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே வேலி, அதே இடம்.

சரி என்றேன். இன்னொரு தடவை கை கொடுத்துவிட்டேன்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பயந்து ஓடியதைக் கேலி செய்தேன், நான்தான் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூரை ஏறுகிறேன். இலை விழும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறேன். பம்ப்பை ஓடவிட்டுப் பார்க்கும்போது அது சத்தம் போட்டால் பயம், நிறுத்தினால் அதைவிடப் பயம். அன்றைக்கு மாதிரி ஒரு நாள் வந்தால் நான் நிற்பேனா? நிற்பேன் என்று கேத் நம்புகிறாள். எனக்குத் தெரியாது.

புது வருடம் பிறந்து முதல் சனிக்கிழமை தீயைக் கிளப்பும் வடகாற்று என்கிறார்கள்.

நெவ்


மொரான் பாலம், போலீஸ் தடுப்புக்கு அருகில்
ஜனவரி 4, காலை 11.20

நெவ்,

இதை யாரிடம் கொடுத்து அனுப்புவேன் என்று தெரியாமல் எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உச்ச அபாயம் என்று காலை வானொலியில் சொன்னதும் கிளம்பிவிட்டேன். கேரவனை விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்தேன். இந்த முறை பாலத்தில் நிற்கவில்லை, தாண்டினேன். தாண்டி நூறு அடியில் போலீஸ் தடுப்பு. ஒரு பெண் போலீஸ், முகமெல்லாம் புழுதி.

"அம்மா, மேல போக முடியாது. எல்லாரும் எறங்கிக்கிட்டிருக்காங்க."

"என் வீட்டுக்காரர் மேல இருக்கார்."

"பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன். அவர்கிட்ட வண்டி இருக்கா?"

"இல்ல. வண்டி என்கிட்ட இருக்கு."

அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அது போதும் எனக்கு.

மதியம் 1.10

நாற்பத்து நான்கு டிகிரி. மேலிருந்து வருகிற ஒவ்வொரு காரையும் பார்க்கிறேன். குதிரைகளை ஏற்றிய வண்டிகள், மெத்தை கட்டிய கார்கள், கூண்டோடு கோழிகள். கேத்தின் பிக்கப் என்ன நிறம் என்று நீ எழுதவே இல்லை. அதனால் எல்லா பிக்கப்பையும் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது மனசு. இரண்டை நிறுத்தியும்விட்டேன். ஒருவர் திட்டினார்.

மதியம் 3.30

மலை தெரியவில்லை. பழுப்பாக இருக்கிறது, மேலே போகப் போகக் கறுப்பு. சூரியன் சிவப்பாக ஒரு காசு மாதிரி. தாராவில்லாவில் தீ நுழைந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். 'இனி வெளியேற நேரமில்லை, இருக்கும் இடத்திலேயே பாதுகாப்புத் தேடுங்கள்' என்றார்கள். எவ்வளவு அமைதியாகச் சொல்கிறார்கள்!

இந்தப் பக்கம் வருகிற கார்கள் நின்று ஒரு மணி நேரமாகிறது.

நெவ், நீ மேற்குப் பக்கம் நிற்கிறாய் என்றால் நான் உன்னைத் திட்ட மாட்டேன். நீ நின்றாலும் ஓடினாலும் எனக்கு ஒன்றுதான். நீ இரு. அது மட்டும் போதும். எங்கேயாவது இரு.

அந்தப் பெண் போலீஸ் என்னிடம் நடந்து வருகிறாள். ஏன் வருகிறாள் என்று


எல்டன், கண்காட்சித் திடல் நிவாரணக் கூடம்
ஜனவரி 6

அன்புள்ள கிளென்,

ஃபோனில் நான் உயிரோடிருக்கிறேன் என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல முடியவில்லை. நீ அழுதாய், நான் அழுதேன், பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே காற்று முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி அடித்தது. எட்டுக்குக் கேத் வேலிக்கு வந்தாள். தீப்பொறி தாங்கும் கம்பளிச் சட்டை, பெரிய பூட்ஸ், கையில் ஸ்பேனர். "ரெடியா நெவ்?" என்றாள். நான் ரெடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கேத், அந்தப் பம்ப்பை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் கேளு" என்றேன்.

சொன்னேன். ஒன்றரை மணி, கைகொடுத்தது, காரில் ஏறியது, குரல் கொடுக்காதது. விசாரணையில் சொன்னது. எல்லாம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முடிந்ததும் ஸ்பேனரை எறிந்தாள். என் தலைக்கு மேலே போய்த் தொட்டியில் பட்டது.

"என் மேசைல உக்காந்து சாப்பிட்டியே" என்றாள். "இன்னொரு துண்டு கேட்டியே."

"கேட்டேன்."

"பம்ப் நின்னு போச்சுன்னு நான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"பம்ப் நிக்கல, கேத். ரெண்டு ஆளு வேலையை ஒரு ஆளாப் பாத்தார். உன் அப்பா ஒண்ணும் தப்புப் பண்ணல. நான் இருக்கேன்னு நம்பினார், அவ்வளவுதான்."

அவள் திரும்பிக்கொண்டாள். நான் மீதியையும் சொன்னேன். "இன்னிக்கும் நான் ஓடப்போறேன். எனக்குப் பயமா இருக்கு. நிக்கறேன்னு உனக்குக் கை குடுத்தது பொய். அன்னிக்குச் சொல்லாம ஓடினேன். இன்னிக்குச் சொல்லிட்டு ஓடறேன். நீ இருந்தா தனியாத்தான் இருப்பே. அதைத் தெரிஞ்சுக்கிட்டு இரு."

"எதுல ஓடுவே? உன்கிட்டதான் வண்டியே இல்லையே."

"நடந்து."

"போ" என்றாள்.

ஒரு பாட்டில் தண்ணீரோடு நடந்தேன். உன் பக்கம் இறங்கும் சாலை தூரம், அதனால் வடக்கே எல்டன் சாலையில் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வரவில்லை என்றால் திரும்பிப் போவேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டே நடந்தேன். பதில் தெரியுமுன் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. முக்கால் மணி ஆகியிருக்கும். கேத் ஜன்னலை இறக்காமலே கையால் பின்பக்கத்தைக் காட்டினாள். நாய்களோடு ஏறி உட்கார்ந்தேன். அறுபது கிலோமீட்டர். வெயிலில் தகரம் தொடையைப் பொசுக்கியது. ஒரு நாய் என் மடியில் வாந்தி எடுத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா?

இறங்கியதும் நாய்களுக்குத் தண்ணீர் காட்டினாள். மீதியை என்னைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினாள்.

மூன்றரைக்குத் தீ வந்திருக்கிறது. தீயணைப்புத் தொண்டர்கள் நேற்றுப் போய்ப் பார்த்தார்கள். கேத்தின் கொட்டகை இல்லை. பெரிய பம்ப் உருகிக் கிடக்கிறதாம். அவள் நின்றிருந்தால் அங்கேதான் நின்றிருப்பாள். நம் வீடு நிற்கிறது. ஒரு கண்ணாடிகூடப் போகவில்லை. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறது. அதை நினைத்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அவள் கூடத்தின் அந்தக் கோடியில் படுக்கிறாள், நான் இந்தக் கோடியில். நேற்று மாலை வந்தாள். "அப்பா கடைசியா யார்கிட்டப் பேசினார்? உன்கிட்டயா?" என்று கேட்டாள்.

என்னுடைய பாதியைத்தான் சொல்லியிருந்தேன். உன் பாதி உன்னுடையது. "கிளென்கிட்ட" என்று மட்டும் சொன்னேன்.

"அவங்க வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நெவ்


இன்வர்லாக்
ஜனவரி 8

அன்புள்ள நெவ்,

அந்தப் பெண் போலீஸ் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவ்வளவுதான். அவள் நடந்து வந்த அந்த இருபது அடியில் நான் உன்னைப் புதைத்து முடித்திருந்தேன். பாதியில் நின்ற அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ படிக்க வேண்டும்.

சனிக்கிழமை வருகிறேன். வில்மா, "நானும் கூட வரட்டுமாடி?" என்றாள். வேண்டாம் என்றேன். "எதுக்கும் கேரவனைப் பின்னாடி மாட்டிக்கிட்டுப் போயேன், படுக்க எடமாவது இருக்கும்" என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். அதை இழுத்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் வேறு ஊருக்குத் திரும்பிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். எதிர்வீட்டுத் தம்பதி தென்கடலோரம் சுற்றக் கேரவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கட்டிலுக்கு மேலே நீ ஒட்டிய வரைபடத்தைக்கூட உரிக்கவில்லை.

எனக்கு இந்தத் தீயைவிடக் கேத்தைப் பார்க்கத்தான் பயம். லெஸ்ஸின் கண்கள்தானே அவளுக்கு? 'இருக்கான்' என்று சொன்னேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவர் சிரித்ததையும் சொல்ல வேண்டும், பத்திரமாகப் போ என்று சொன்னதையும். அது அவளுக்குச் சேர வேண்டியது. நான்கு வருடமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிப் பார்க்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று. இரண்டாவது வார்த்தையிலேயே கண்ணாடியை விட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அவள் என்னை அடிக்கலாம். கதவைச் சாத்தலாம். பக்கத்து மனையில் இனி இருக்கவே மாட்டேன் என்று போய்விடலாம். நம்மைப் போகச் சொல்லலாம். போகச் சொன்னால் போவோம். அவள் வீடில்லாமல் நிற்கிறாள், நம் வீட்டில் அறைகள் இருக்கின்றன என்று நாமாக வாயைத் திறக்கக் கூடாது. அவளாகக் கேட்டால் ஒழிய.

பத்து மணிக்குள் எல்டன் வந்துவிடுவேன். அவளிடம் நேரத்தைச் சொல்லிவிடு, முன்கூட்டியே சொல்.

இன்னொன்று, நெவ். நான் பேசும்போது நீ என் பக்கத்தில் நிற்காதே. அவள் பக்கத்தில் நில்.

கிளெனிஸ்